முழங்கைக்கு இரண்டு விரல் கீழே

சலூன்காரருக்குக் கத்தி என்றால் பழக்கம், ஊசி என்றால் பயம். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்துப் பிழைக்கிற மனுஷர், தடுப்பூசி போடப் போன இடத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியின் கையைத் தேடினவர். அப்பேர்ப்பட்டவர் மூன்று மாதமாக, வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு கட்டிலில் மல்லாந்து படுத்துப் பதினான்கு ஊசி குத்திக்கொண்டு வந்தார் என்றால், கையில் வந்த அந்த எக்சிமா என்கிற தோல் நோய் அவரை என்ன பாடு படுத்தியிருக்க வேண்டும்!

நாலு வருடப் பாடு அது. தலை அலசுகிற ஷாம்பு, சாயம், சோப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து முதலில் விரலிடுக்கில் பிடித்தது. பிறகு மணிக்கட்டு, அப்புறம் முழங்கை மடிப்பு. தோல் தடித்து, வெடித்து, நீர் வடிந்து, காய்ந்து, மறுபடி வெடித்தது. அரிப்போ, சொல்லி மாளாது. வாடிக்கையாளர்கள் நாகரிகமானவர்கள், ஒருத்தராவது முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவருடைய கையை ஒரு பார்வை பார்ப்பார்கள், "அடடா, ஒரு வேலை மறந்துட்டேன், அப்புறம் வர்றேன்" என்பார்கள், நேரே போய் எதிர்க்கடை நாற்காலியில் உட்காருவார்கள். அத்தனை பெரிய கண்ணாடி மாட்டி வைத்திருக்கிற கடையில் அது தெரியாமல் போகுமா? கையுறை போட்டுப் பார்த்தார். கத்தரிக்கோல் வழுக்கி ஒருத்தர் காது மடலைத் தொட்டதோடு அதையும் கழற்றி எறிந்தார். அந்த வலது கைதான் அவருக்குச் சோறு. அது போனால் வேறு ஒரு வேலையும் தெரியாது.

தோல் டாக்டர் களிம்புகளாகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் மாத்திரைக்கு வந்தார்.

"உங்க உடம்புக்குள்ள காவல்காரங்க இருக்காங்க. திருடனை அடிக்க வேண்டியவங்க, உங்க தோலையே போட்டு அடிச்சிட்டிருக்காங்க. இந்த மாத்திரை அவங்களைத் தூங்க வைக்கும். அடி நிக்கும். ஆனா நிஜத் திருடன் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாங்க. புரியுதா? ஊசியோ, பச்சை குத்தறதோ, சின்ன வெட்டோ, எதுவா இருந்தாலும் முதல்ல எங்கிட்ட சொல்லணும்."

சலூன்காரர் தலையை நன்றாக ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் மனைவி ஆரம்பப் பள்ளியில் டீச்சர். தெருவுக்கே டீச்சர், வீட்டில் அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். டீச்சர் அந்த மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பக்க விளைவுகளை ஒன்று விடாமல் உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் முகம் வெளுத்துவிட்டது. "என்னங்க இது, கிருமிக்கு வாசலைத் திறந்து வைக்கிற மாத்திரையா இருக்கே! வேண்டவே வேண்டாம். நிறுத்துங்க" என்றார். சலூன்காரர் அதற்கும் தலையை ஆட்டினார். மறுநாள் டப்பா வீட்டிலிருந்து கடைக்குப் போய், பவுடர் தகரத்துக்குள் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் அவரை அக்குபங்சர் வைத்தியம் பார்க்கிற ஊசிக்காரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார். ஒரு நோட்டுப் புத்தகக் கடைக்கு மேலே இருந்த அறை அது. கட்டிலில் ஒவ்வொருவருக்கும் புதுக் காகித விரிப்பு, ஓரத்தில் குத்தி எடுத்த ஊசிகளைப் போடுகிற மஞ்சள் பெட்டி. ஊசிக்காரம்மா ஊசியைக் குத்தும்போது ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவார். எடுக்கும்போதும் அதே போல எண்ணுவார். இடம் பார்ப்பது விரலால்தான். மடிப்பிலிருந்து இரண்டு விரல், மூன்று விரல் என்று வைத்து அளந்துதான் குத்துவார்.

முதல் நாளே அவர் சொன்னார். "நோயை வேரோட பிடுங்கிடுவேன்னு நான் சொல்ல மாட்டேங்க. அரிப்பு அடங்கும், தூக்கம் வரும். சில பேருக்கு எதிர்ப்பு சக்தியும் கொஞ்சம் நிதானத்துக்கு வருதுன்னு சொல்றாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." பிறகு ஒரு தாளை நீட்டினார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அதில் ஒரு கேள்வி. "சாப்பிட்டா ஒண்ணும் தப்பில்ல. உங்க டாக்டர்கிட்ட ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வந்திடுங்க. இல்லாம நான் ஊசியைத் தொட மாட்டேன்."

"அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சும்மா" என்றார் டீச்சர் பெருமையாக. சலூன்காரர் பேனாவை வாங்கி 'இல்லை' என்ற இடத்தில் ஒரு டிக் போட்டார்.

ஊசி வேலை செய்தது. அல்லது மாத்திரை வேலை செய்தது. எது என்று அவருக்குத் தெரிந்தால்தானே! நாலு வாரத்தில் அரிப்பு பாதியாகக் குறைந்தது. இரவு தூங்கினார். விரலிடுக்கு வெடிப்புகள் மூடின. எதிர்க்கடைக்குப் போன இரண்டு பேர், ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் மனுஷருக்குப் பயம் இரட்டிப்பானது. மாத்திரையை விட்டால் திரும்ப வந்துவிடுமோ? ஊசியை விட்டால் வந்துவிடுமோ? எதையும் விடத் தைரியம் இல்லை. தோல் டாக்டருக்கு ஊசி தெரியாது, ஊசிக்காரம்மாவுக்கு மாத்திரை தெரியாது, டீச்சருக்கும் மாத்திரை தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள், மூன்று பேரிடமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இதோடு தொழில் புத்தி வேறு. ஊசி நகராமல் இருக்க ஊசிக்காரம்மா அதன் மேல் சின்னதாக பிளாஸ்திரி ஒட்டுவார். எடுக்கும்போது முன்கை முடி சுருக்கென்று இழுக்கும். சலூன்காரர் என்ன செய்தார்? ஒவ்வொரு தடவையும் கிளம்புவதற்கு முன்னால் கடையிலேயே முன்கையை மழமழவென்று சிரைத்துக்கொண்டார். "ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க, புண்ணுத் தோல்ல கத்தி வைக்கலாமா?" என்று ஊசிக்காரம்மா பதறினபோது, "கத்தியைப் பத்தி எங்கிட்டயா சொல்றீங்க?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு வைக்க வேண்டும் ஒரு குட்டு. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் உறை பிரித்துப் புது பிளேடு மாட்டுகிற சுத்தக்காரர், தன் கைக்கு மட்டும் அப்போதுதான் இன்னொருவர் தாடையை முடித்த பிளேடையே வைத்துக்கொள்வார். நல்ல பிளேடு, இன்னும் உயிர் இருக்கிறது, நமக்கு இது போதாதா? இப்படி நினைக்காத சலூன்காரர் இருந்தால் காட்டுங்கள்.

இருபத்தைந்தாவது தடவை ஊசி போட்டுக்கொண்டு வந்த மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது அவருக்குக் குளிர் தூக்கிப் போட்டது. வெளியே நல்ல வெயில். சட்டைக் கையை மடக்கிப் பார்த்தார். வலது மணிக்கட்டு வீங்கிப் பளபளவென்று இருந்தது. அங்கிருந்து முன்கையின் உள்பக்கமாக ஒரு சிவப்புக் கோடு மேலே கிளம்பியிருந்தது. பேனாவால் இழுத்தது போல அவ்வளவு மெல்லிசு. துண்டை நனைத்துத் துடைத்தார். போகவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்தாரா? சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். காப்பி டம்ளரை இடது கையால் எடுத்தபோதுதான் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். பொத்தானைக் கழற்றியது டீச்சர்தான். அதற்குள் சிவப்பு கோடாக இல்லை, பட்டையாக அகன்றிருந்தது.

ஊசிக்காரம்மாவுக்குப் போன் போட்டு டீச்சர் கத்திய கத்தல் பக்கத்து வீடு வரை கேட்டது. அந்தம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குளிக்க வேண்டாம், சாப்பிட வேண்டாம், கிளம்புங்க. நானும் வர்றேன்" என்றார். வந்தும் விட்டார்.

அவசரப் பிரிவில் சர்ஜன் கையைத் தொட்டுப் பார்த்தார். சலூன்காரர் அலறியதைக் கேட்டு அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். பத்து மணிக்கு ரத்தத்தின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜன் திரும்ப வந்தார்.

"வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். எல்லாத்தையும் நிறுத்தி மூணு மாசமாச்சு" என்றார் டீச்சர்.

"அப்படின்னா இந்த ரிப்போர்ட் வேற யாரோடதோவா இருக்கணும். இவ்வளவு பெரிய காய்ச்சலுக்கு வெள்ளை அணு மளமளன்னு ஏறியிருக்கணும். இவருக்கு அசையக்கூட இல்லை. ஐயா, உங்களைத்தான் கேக்கறேன்."

ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் ஊசிக்காரம்மா. சலூன்காரர் பேந்தப் பேந்த விழித்தார். பிறகு மருந்து ஏறுகிற குழாயைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பவுடர் தகரத்தைச் சொன்னார், டிக் போட்டதைச் சொன்னார், சர்ஜன் முன்கையில் இருந்த சின்னச் சின்னக் கீறல்களைக் காட்டிக் கேட்டதும் பிளேடையும் சொன்னார்.

"ஊசி வழியா வந்துதா, பிளேடு வழியா வந்துதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அடுத்தவங்க தாடையில இருந்த கிருமியை, புண்ணுத் தோல்ல, காவலே இல்லாத உடம்புல நீங்களே தேய்ச்சு விட்டிருக்கீங்க" என்றார் சர்ஜன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

டீச்சர் அழவில்லை. முப்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிறவர், எதிரில் உட்கார்ந்து தினம் சாப்பிட்ட மனுஷரைக் கண்டுபிடிக்கவில்லையே என்று அப்படியே நின்றார். ஊசிக்காரம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார். "கடிதம்தானே கேட்டேன். கேட்டிருந்தா டாக்டர் கொடுத்திருப்பாரே?"

"கொடுக்கலைன்னா?" என்றார் சலூன்காரர். ஊசிக்காரம்மா அறையை விட்டு வெளியே போய் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸ் ஒரு நீலப் பேனாவால் சிவப்பு முடிகிற இடத்தில் கையைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதினார். சர்ஜன் டீச்சரிடம் பேனாவைக் கொடுத்தார். "அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க. சிவப்பு ஏறியிருந்தா ஏறின இடத்துல கோடு போட்டு மணி எழுதுங்க. நர்ஸுக்கு நாப்பது பேர், அவங்களால முடியாது. நாலு மணிக்கு நான் வருவேன். நடுவுல வேகமா ஏறினா உடனே என்னைக் கூப்பிடுங்க. சிவப்பு நின்னுட்டா மருந்து கேக்குதுன்னு அர்த்தம், கத்தி வேண்டாம். ஏறிட்டே இருந்தா திறந்துதான் ஆகணும்."

"திறந்தா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்த்தாத்தான் தெரியும். விரல் முன்ன மாதிரி ஓடாம போகலாம். உயிருக்கு ஆபத்துன்னா கையையே எடுக்க வேண்டியும் வரலாம். இப்பவே சொல்லிடறேன்."

சலூன்காரர் தன் வலது கையைப் பார்த்தார். கட்டைவிரலும் மோதிரவிரலும் தாமாகவே கத்தரிக்கோல் பிடிக்கிற மாதிரி வளைந்திருந்தன.

பதினொன்றரைக்கு ஒரு கோடு. பன்னிரண்டுக்கு ஒன்று. ஒன்றுக்கு ஒன்று. டீச்சரின் அழகான குண்டு எழுத்தில் மணிகள் கை மேல் ஏறிக்கொண்டே போயின. இரண்டு மணிக்கு ஊசிக்காரம்மா உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டரைக் கோடு முழங்கை மடிப்புக்கு நாலு விரல் கீழே இருந்தது. "கொஞ்சம் மெதுவாயிருக்கு இல்ல?" என்றார் சலூன்காரர். டீச்சர் பேனாவை மூடினார். காலையிலிருந்து அவரோடு பேசவே இல்லை.

மூன்று மணிக்கு நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்து மருந்து வாங்கி வரச் சொன்னார். டீச்சர் கீழே போனார். வரிசை நீளம் போல, வரக் காணோம்.

சலூன்காரர் குனிந்து பார்த்தார். சிவப்பு இரண்டரைக் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே வந்திருந்தது. தட்டில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு இருந்தது, கட்டில் மேல் டீச்சர் விட்டுப் போன பேனா. இன்னும் ஒரு மணி நேரம்தானே, மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கிற நேரம், அதற்குள் கையில் கத்தியை வைத்துவிட்டால் என்ன ஆவது? மருந்துக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கிறோம், அவ்வளவுதானே? இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பஞ்சை எடுத்து இரண்டரைக் கோட்டையும் பக்கத்தில் எழுதியிருந்த மணியையும் துடைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, சிவப்பு இப்போது முடிகிற இடத்தில், இடது கையால் புதுக் கோடு போட்டார். இருபத்திரண்டு வருடம் கிருதாவுக்குக் கோடு பிடித்தவர். இடது கையிலும் கோணல் இல்லை. பக்கத்தில் டீச்சரின் குண்டு எழுத்தைப் பார்த்து 'இரண்டரை' என்று எழுதினார்.

டீச்சர் மூச்சு வாங்க வந்தார். மருந்தை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க! ஏறலைங்க! கோட்டுலயே நிக்குதுங்க!"

காலையிலிருந்து இறுகிக் கிடந்த அந்த முகம் உடைந்து, சிரிப்பும் அழுகையுமாக வழிந்தது. ஓடிப்போய் ஊசிக்காரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. இங்க பாருங்க, நின்னுடுச்சு!"

ஊசிக்காரம்மா குனிந்து, பழக்கத்தில் தன் விரலை மடிப்பில் வைத்தார். "ரெண்டு விரல் கீழே…" என்று இழுத்தார். "ரெண்டு மணிக்கு நான் பார்த்தப்ப இதைவிட ரொம்பக் கீழே இருந்த மாதிரி ஞாபகம்."

"அரை மணியில ஏறியிருக்கும், அப்புறம்தான் நின்னுது. நான்தானே கோடு போட்டேன், எனக்குத் தெரியாதா? நல்ல சேதி சொன்னா அதுலயும் நொள்ளை சொல்லணுமா?"

அந்தம்மா சலூன்காரரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "நான் என்ன டாக்டரா, கண்ணு தப்பியிருக்கும்" என்று ஊசிக்காரம்மா பின்வாங்கினார். காலையில் அவருடைய மானத்தை வாங்கியதும் சலூன்காரரின் பொய்தான். இப்போது அவர் வாயை அடைத்ததும் அதுவேதான். சலூன்காரருக்கு அக்குளுக்குள் நெல்லிக்காய் போல ஒன்று உருண்டு வலித்தது. உதடு உலர்ந்தது. கட்டிலே ஆடுவது போல உடம்பு நடுங்கியது. டீச்சர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார்.

மூன்றரைக்குச் சிவப்பு புதுக் கோட்டையும் லேசாகத் தாண்டியது. டீச்சர் பார்க்க வந்தபோது, சலூன்காரர் குளிர்கிறது என்று சொல்லிப் போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார். டீச்சரும் நம்பினார்.

நாலு மணிக்குச் சர்ஜன் வந்தார். முகத்தில் அவசரம். வாசலிலேயே டீச்சர் சொல்லிவிட்டார், ரெண்டரையிலிருந்து நின்றுவிட்டது என்று. சர்ஜன் போர்வையை விலக்கிக் கோட்டைப் பார்த்தார், மணியைப் பார்த்தார். "பரவாயில்லையே! ஒண்ணரை மணி நேரத்துல அரை விரல்தான் ஏறியிருக்கு. மருந்து கேக்குது. சரி, இன்னைக்குத் திறக்க வேண்டாம். காலையில பார்க்கலாம்" என்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

கை தப்பித்தது. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சர்ஜனின் செருப்புச் சத்தம் கதவை நோக்கிப் போகப் போக, சலூன்காரருக்கு இதுவரை தெரியாத ஒரு பயம் வந்தது. நாளைக் காலை என்று அந்த மனுஷர் சொன்னாரே, அந்தக் காலை தனக்கு உண்டா? டீச்சர் மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். தனக்குள் ஏதோ முணுமுணுத்துச் சிரித்துக்கொண்டார்.

"டாக்டர்" என்றார் சலூன்காரர். சத்தம் வரவில்லை. மறுபடி, "டாக்டர்! அந்தக் கோடு பொய்!"

செருப்புச் சத்தம் நின்றது.

"இவங்க போட்டதைத் துடைச்சிட்டு நான் போட்டேன். மூணு மணிக்கு. இவங்க போட்டது இங்க." இடது விரலால் தொட்டுக் காட்டினார். "அக்குள்ல கட்டி மாதிரி வலிக்குது. என்னைத் திறந்துடுங்க டாக்டர். கை போனாலும் பரவாயில்ல, திறந்துடுங்க."

சர்ஜன் ஒரே எட்டில் வந்து அக்குளில் கையை வைத்தார். முகம் மாறியது. "ஒரு மணி நேரத்தைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்களே ஐயா!" என்று கத்திவிட்டு, நர்ஸைக் கூப்பிட்டார். தள்ளுகட்டில் வந்தது. டீச்சர் கைப்பையைத் திறந்தபடியே நின்றார். ஊசிக்காரம்மாதான் அவர் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார்.

கை பிழைத்தது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இன்றைக்கும் மடங்குவதில்லை. இடது கையால் முடி வெட்டப் பழகினார். ஆனால் அதெல்லாம் பிறகு. ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் தள்ளுகட்டில் ஒரு நிமிஷம் நின்றபோது யாருக்கும் எதுவும் தெரியாது. டீச்சர் குனிந்து, வகுப்பில் கேட்கிற குரலிலேயே கேட்டார்.

"வேற ஏதாவது எங்கிட்ட மறைச்சு வெச்சிருக்கீங்களா?"

சலூன்காரர் இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

"பயமா இருக்கு டீச்சர்" என்றார். "நாலு வருஷமா."